திண்டிவனம் ரோட்டில் விழுந்த புனிதர்

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு புனிதரைத் தவறவிட்டுவிட்டேன் என்று நம்பினேன். லேசான சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சாலையோரப் புதரையெல்லாம் விலக்கிப் பார்க்கும் அளவுக்கு நம்பினேன். ஐம்பதை நெருங்குகிற ஆள் நான். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரருக்குப் புரையேறும்படி ஏதாவது சொல்லாமல் எழுந்ததில்லை. அப்படிப்பட்டவன் அன்று பட்ட பாட்டை என் மச்சான் இன்றுவரை கல்யாண வீடுகளில் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறான். அவன் சொல்வதில் பாதி பொய். உண்மை அதைவிட மோசம் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

செஞ்சி பஜாரில் எனக்கு மேடை அலங்காரக் கடை. ஆர்ச், சீரியல் லைட், தெர்மாகோல் தூண், ஃபைபர் யானை, மணமக்கள் உட்காரும் சிம்மாசனம் எல்லாம் வாடகைக்கு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கூழ் ஊற்றுகிற திருவிழா, எதுவானாலும் எங்கள் வண்டி போய் நின்றால்தான் இடம் களைகட்டும். நாங்கள் மதம் பார்ப்பதில்லை. கரண்ட் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

அவலூர்பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்துத் தேவாலயம். அதன் திருவிழாவுக்கும் பல வருஷமாக நாங்கள்தான். அங்கே இருக்கும் ஃபாதர் ரோமில் படித்துவிட்டு வந்தவர். தெற்குச் சீமைக்காரர். மற்றவர்கள் போனில் பேரப்பிள்ளை படம் காட்டுவார்கள். அவர் தூண் காட்டுவார். முழுத் தூண்கூட இல்லை, தூணின் தலை. தூணுக்கும் மேலே வரும் வளைவுக்கும் நடுவில் உட்காருகிற கல். நம் கோயில்களில் போதிகை இருக்கிற இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டான்டிநோபிள் நகரத்தில், பைசாந்தியப் பேரரசு இழுத்துப் பிடித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த கடைசிக் காலத்தில், வெள்ளை மார்பிளில் அந்தத் தூண்தலைகளைச் செதுக்கி, அவற்றில் புனிதர்களை இடுப்பளவுக்கு நிறுத்தியிருக்கிறார்கள். அதைப் பற்றி ஃபாதர் பேச ஆரம்பித்தால் பூசை மணியடித்தாலும் காதில் விழாது.

ரோமில் அவருக்குப் பாடம் எடுத்த பேராசிரியரிடம் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, அப்படியொரு தூண்தலைக்கு நகல் ஒன்று வாங்கிவிட்டார். அசலிலிருந்து அச்செடுத்து, மார்பிள் தூளில் வார்த்தது. திருவிழாக் கொடியேற்றத்தன்று ஜனங்களுக்கு முன்னால் அதை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"ஊர் ஜனங்க என்னைக்குப்பா அங்க போய் இவங்களைப் பாக்குறது? இவங்க வந்து ஊர் ஜனங்களைப் பாக்கட்டும்" என்றார்.

அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் ஆபத்து. உடனே ஐடியா கொடுப்பேன். "நடுவுல வெச்சு சுத்த விட்டுடறேன் ஃபாதர். எங்ககிட்ட சுழல் மேடை இருக்குது. ரிசப்ஷன்ல மாப்பிள்ளை பொண்ணை நிக்க வெச்சுச் சுத்துவோம், அது. நாலா பக்கமும் ஜனங்க பாக்கலாம்." ஃபாதருக்கு அதற்குள் போன் வந்து, யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தலையை ஆட்டினார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். போனில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள் என்பது இந்தத் தொழிலில் இத்தனை காலம் இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டி சென்னைக்கு வந்து, அங்கிருந்து லாரியில் திண்டிவனம் பார்சல் ஆபீசுக்கு வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின நாள் நானும் மச்சானும் போய் எடுத்துவந்தோம். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி; கடையில் டிரைவர், எலக்ட்ரீஷியன், தெர்மாகோல் சிற்பி எல்லாம் அவனே. குட்டி யானை என்று ஊரே சொல்லும் சின்ன லோடு வண்டி எங்களுடையது. அதை அவன் ஓட்டும்போது வேகத்தடை என்பது அவனைப் பொறுத்தவரை ஒரு கருத்து மட்டும்தான். அதற்கு அவன் உடன்படுவதில்லை. பின்னால் பெட்டி தடால் தடால் என்று எகிறியது. அதைத் தான் பாடிக்கொண்டிருந்த பாட்டுக்குத் தாளம் என்று எடுத்துக்கொண்டான். நானும் சேர்ந்து பாடினேன். அதுதான் பின்னால் என்னை அதிகம் அறுத்தது.

குடோனில் இறக்கிப் பெட்டியைப் பிரித்தோம். வைக்கோலும் பஞ்சுமாக விலக்க விலக்க, வெள்ளையாக அவர்கள் வந்தார்கள். முதலில் ஒரு பெரியவர், சுருட்டைத் தாடி, கையில் சுருட்டிய ஏடு. வலப்பக்கம் மீசை முளைக்காத இளவட்டம், கையில் புத்தகம். இடப்பக்கம் வழுக்கை, நெஞ்சுவரை தாடி, அவரிடமும் புத்தகம். ஒவ்வொருவர் தலைக்குப் பின்னாலும் ஒரு வட்டம். சுற்றிலும் இலைகள், துளை போட்டுத் துளை போட்டு எடுத்து, நிழலே கறுப்பு மையாக நிற்கும்படி. மூன்று பேரும் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. பத்திரப் பதிவு ஆபீசில் டோக்கன் வாங்கிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களின் பொறுமை அந்த முகங்களில். நான்கூட ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மச்சான் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மாமா?" என்றான்.

சுற்றிக்கொண்டு நாலாவது பக்கத்துக்குப் போனேன்.

அங்கே யாரும் இல்லை.

கரடுமுரடான வெறும் பரப்பு. நடுவில் ஒரு குழி. அந்தப் பக்கத்துப் பலகை ஆணி கழன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு தலை தாராளமாக வெளியே போகலாம். பெட்டிக்கு அடியில் ஒரு பிடி வெள்ளைத் தூள்.

"மச்சான், ஒருத்தர் குறையறாரு."

"யாரு?"

"அதான் தெரியல. நாலு பேர்ல ஒருத்தர்."

"பசிக்குது மாமா. உன் காமெடியைச் சாப்ட்டுட்டு வெச்சிக்கலாம்."

"டேய், நெசமா சொல்றேன்டா."

"நீ எல்லாத்தையும் நெசம்னுதான் ஆரம்பிப்ப. என் கல்யாணத்தன்னிக்குப் பொண்ணு பஸ்ஸை வுட்டுட்டான்னு சொன்னப்பகூட மூஞ்சை இப்படித்தான் வெச்சினு இருந்த."

வாழ்நாள் முழுக்க ஜோக்கடித்தவனுக்கு இதுதான் தண்டனை. உண்மையான ஆபத்து வரும்போது அவன் முகம் யாருக்கும் பயன்படாது. மச்சான் தோளைப் பிடித்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். குழியைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். தூளைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அவனுக்கும் பசி போய்விட்டது.

நாலாவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்று எனக்கு எப்படி அவ்வளவு நிச்சயம் என்று கேட்பீர்கள். கோட்டைக்குள் இருக்கும் கோயிலில் நான் பார்த்து வளர்ந்த தூண்கள் அப்படி. எந்தப் பக்கம் போய் நின்றாலும் ஒரு யாளியோ, ஒரு ஆட்டக்காரியோ, வேலை வெட்டி இல்லாத ஒரு குரங்கோ இருக்கும். தூணில் ஒரு பக்கத்தைச் சும்மா விடுவது என்பது எங்கள் ஊர்க் கண்ணுக்குப் பழக்கமே இல்லை. அதற்கு மேல், நான் படித்தது சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடம். சுவிசேஷம் எழுதியவர்கள் நாலு பேர் என்பது எனக்கு மனப்பாடம். இங்கே மூன்று பேர் கையிலும் எழுத்துச் சமாச்சாரம். அப்படியானால் நாலாவது எழுத்தாளர் எங்கே? கணக்கு எனக்குக் கச்சிதமாக இருந்தது.

தூணைத் தொலைப்பதில் செஞ்சிக்கு அனுபவம் உண்டு. எங்கள் கோட்டைத் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் அவையாவது முழுசாகப் போயின. அதுவும் போர், பேரரசு என்று கௌரவமான காரணத்துக்காகப் போயின. வேகத்தடையில் பாட்டுப் பாடிக்கொண்டு போய்ப் புனிதரைத் தொலைத்தவன் நான் ஒருவன்தான். நாளைக்குச் சாயங்காலம் ஃபாதர் முகத்தில் எப்படி விழிப்பது? அவர் திட்டுகிற ஆள் இல்லை. "பரவாயில்லப்பா" என்பார். அந்தப் "பரவாயில்லப்பா"வுக்குத் திட்டே மேல். அத்தனை வருஷம் அவர் கேட்டு வாங்கியதை, வந்த அன்றே உடைத்துக் கொடுத்தவன் என்ற பெயரோடு அந்தச் சர்ச்சுப் படியில் இனி எப்படி ஏறுவது?

வண்டியைத் திருப்பினோம்.

மச்சான் மெதுவாக ஓட்ட, நான் பின்னால் நின்றுகொண்டு ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு வந்தேன். வெள்ளையாக எது தெரிந்தாலும் நிறுத்தச் சொன்னேன். ஒரு மைல்கல். ஒரு சிமெண்ட் மூட்டை. படுத்திருந்த ஒரு கன்றுக்குட்டி, அது எழுந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது. ஒரு வேகத்தடைக்குப் பக்கத்தில் டீக்கடை. விழுந்திருந்தால் இங்கேதான் விழுந்திருக்க வேண்டும். இறங்கி ஓடினேன்.

"அண்ணே, மத்தியானம் இந்தப் பக்கமா ஒரு குட்டி யானை போச்சே, அதுலேர்ந்து எதுனா விழுந்துச்சா?"

"இன்னா விழுந்துச்சா?" டீக்கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஒரு பெரியவர்."

பால் நடு ஆகாயத்தில் நின்றது. "ஆளா?"

"முழு ஆள் இல்லண்ணே. இடுப்பு வரைக்கும்தான்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் கிளாசைக் கீழே வைத்தார். "கீழ்ப்பாதி எங்க?"

"அது எப்பவுமே கெடையாதுண்ணே."

"அவரு விழுந்தது உங்களுக்கே தெரியாதா?"

"குடோனுக்குப் போய்ப் பெட்டியைப் பிரிச்சப்பதான் தெரிஞ்சுது."

"பெட்டியில வெச்சா எடுத்தினு போனீங்க!"

கடையில் இருந்த எல்லாரும் எழுந்துவிட்டார்கள். நிலைமையைச் சரிசெய்ய மச்சான் வண்டியிலிருந்தே கத்தினான்: "வெள்ளையா இருப்பாருண்ணே! தாடி இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்! தலைக்குப் பின்னாடி தட்டு மாதிரி வட்டம் இருக்கும்!"

"வெளிநாட்டுக்காரரா?"

"ஆமா! ரொம்ப வயசானவரு!"

"எவ்ளோ வயசு?"

"எழுநூறு வருஷம் இருக்கும்னு ஃபாதர் சொன்னாரு!"

டீக்கடைக்காரர் பாலைக் கீழே இறக்கினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "சிலையா? யோவ், மொதல்ல சிலைன்னு சொல்றதுக்கு இன்னா? எனக்கு இங்க நெஞ்சு அடைச்சிருக்கும்."

"டென்ஷன்ல வரலண்ணே."

"நான் காலையிலேர்ந்து இங்கதான் இருக்கேன். நீங்க போனது தெரியும். ரெண்டு பேரும் கத்தி பாடினு போனீங்க. எதுவும் விழல."

அவர் அவ்வளவு தெளிவாகச் சொன்னார். கேட்டிருக்கலாம். ஆனால் பதற்றத்தில் இருப்பவனுக்கு நல்ல செய்தி காதில் ஏறாது. இவர் பால் ஆற்றும்போது கவனித்திருக்க மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டு மேலே போனேன்.

கொஞ்சதூரத்தில் பாதி ரோட்டை அடைத்து மல்லாட்டை காயவைத்திருந்தார்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். வரும்போது அதன் ஓரமாக ஏறிக்கொண்டுதான் வந்தோம். குவியலுக்குள் விழுந்திருந்தால் சத்தமே வந்திருக்காது. நான் முட்டிபோட்டு இரண்டு கையாலும் துழாவ ஆரம்பித்தேன். மச்சான் மறு ஓரத்திலிருந்து துழாவினான். புளியமரத்தடியில் இருந்து ஒரு அம்மா குச்சியோடு வந்தார்.

"இன்னாய்யா மல்லாட்டையைக் கிளர்றே? கோழியா நீ?"

"ஒரு சாமி விழுந்துடுச்சுக்கா. உள்ள இருக்குதான்னு பாக்கறோம்."

"எந்தச் சாமி?"

"சர்ச்சு சாமி."

"எந்தச் சாமியா இருந்தா இன்னா? கட்டி எடுத்தினு வர வேணாம்? வயசாவுது, அறிவில்ல?" என்றவர், குச்சியால் தானும் இரண்டு இடத்தில் கிளறிப் பார்த்தார். இல்லை. "சரி, கெளறினதைப் பரப்பிட்டுப் போங்க."

பரப்பிவிட்டு நிமிரும்போது போன் அடித்தது. ஃபாதர்.

"வந்துட்டாங்களாப்பா?"

"வந்துட்டாங்க ஃபாதர்."

"எல்லாரும் பத்திரமா?"

கையிலிருந்த மல்லாட்டைத் தூசியைத் தட்டினேன். "இருக்கறவங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்க ஃபாதர்."

"சந்தோஷம்ப்பா. எனக்கு ராத்திரி தூக்கமே வராது பாரு" என்றார், கல்யாணப் பையன் மாதிரி. அவருக்கு மட்டுமா?

தொலைந்த பொருளைத் தேடித் தருவதற்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர்கள் சொல்வார்கள். பென்சில் தொலைந்தபோதெல்லாம் கேட்டிருக்கிறேன், கிடைத்தும் இருக்கிறது. திரும்பி வரும்போது அவரையே வேண்டிக்கொண்டேன். பாதி வேண்டுதலில்தான் அந்த நினைப்பு வந்தது: தொலைந்தவர் அவராகவே இருந்துவிட்டால்? மச்சானிடம் சொன்னேன். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தான். அந்த நாளில் யாராவது சிரித்தது அது ஒன்றுதான், அதையும் நான் ஜோக்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு முடிவுக்கு வந்தோம். வேறு வழியில்லை, ஒரு புனிதரைச் செய்துவிடுவது. மச்சான் தெர்மாகோலில் கை வைத்தால் மயிலும் வரும் மந்திரியும் வருவார். ஆனால் முகம் என்று வந்தால் அவனுக்குப் பார்த்துச் செய்ய ஒரு மாதிரி வேண்டும். எங்கள் குடோனில் தாடி வைத்த முகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிறிஸ்துமஸ் தாத்தா.

"கிறிஸ்டியன்தானே மாமா, சரியா வரும்" என்றான்.

அறுத்தான், செதுக்கினான், வெள்ளை அடித்தான், பின்னால் ஒரு வட்டம் ஒட்டினான். கையில் புத்தகத்துக்கு என் மகளுடைய பழைய கெமிஸ்ட்ரி கைடின் அளவு. எல்லாம் சரி, தாத்தா சிரித்துக்கொண்டிருந்தார். "சிரிப்பை எடுடா" என்றேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பாதிச் சிரிப்பு போனதும் பல்வலிக்காரர் ஆனார். முழுசாக எடுத்தபோது வாய் நேராகிவிட்டது, கன்னம் மட்டும் இன்னும் சிரித்தது. மற்ற மூன்று பேரும் நோன்பிருப்பவர்கள் போல் இருக்க, இவர் மட்டும் பந்தியிலிருந்து நேராக எழுந்து வந்தவர் போல் இருந்தார்.

சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "யாருங்க இவரு? உங்க பெரியப்பாவா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் தூண்தலையைச் சுற்றி வந்தாள். வெறும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். நீங்க போடற ஆர்ச்சுக்குப் பின்னாடி இன்னா இருக்கும்?"

"சவுக்குக் கட்டை, கோணி, பழைய பேப்பர்."

"ஏன், அங்க பெயிண்ட் அடிக்கறதில்ல?"

"பின்னாடி எவன் வந்து பாக்கப் போறான்?"

"இதைச் செஞ்சவனுக்கு மட்டும் அந்த அறிவு இருக்காதா? எவனாவது உங்க ஆர்ச்சுக்குப் பின்னாடி போனா, அவனும் இந்நேரம் மல்லாட்டைக்குள்ள தேடினு இருப்பான்."

மச்சான் தெர்மாகோல் தூளோடு என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்காக இல்லை, முன்பின் தெரியாத அந்தச் சிற்பிக்காக. "ஏய், இது நாலு மணி நேரம் நிக்கற ரிசப்ஷன் ஆர்ச் இல்ல. பேரரசுல செஞ்சது. அவன் போய் நம்மள மாதிரி பின்பக்கம் ஏமாத்துவானா?"

"சரிங்க. உங்க பெரியப்பாவுக்குச் சோறு போடணுமா, இல்ல உங்க ரெண்டு பேருக்குப் போதுமா?" என்று கேரியரைத் திறந்தாள்.

மத்தியானம் மச்சான் ஓட்டிய மாதிரி அவன் வாழ்க்கையில் ஓட்டியதில்லை. சைக்கிளில் போனவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். சர்ச்சின் நடுவில் சுழல் மேடையைப் போட்டு, மேலே இடுப்பளவு மரத்தூண், அதன்மேல் நாலு பேர் பிடித்துத் தூண்தலையை ஏற்றினோம். கல்லுக்குக் காயம் ஆகக்கூடாது என்று நாலாமவரை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். சுவிட்சைப் போட்டேன். மெதுவாகச் சுற்றியது. சுருட்டைத் தாடி வந்தார், இளவட்டம் வந்தார், எங்கள் ஆள் வந்தார், வழுக்கை வந்தார். சற்று வேகமாகச் சுற்றினால் தெரியாது என்று மச்சான் சொன்னான்.

வேகத்தைக் கூட்டுவதற்குள் ஃபாதர் வந்துவிட்டார்.

அவர் நடந்து வந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, வெறும் காலோடு, சத்தம் போடாமல். சுருட்டைத் தாடிக்காரர் அவர் முன்னால் வந்தபோது கையை நீட்டி, விரல் நுனியால் இலையின் விளிம்பை மட்டும் தொட்டார். கல்லோடு கூடவே இரண்டு அடி நடந்தார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் இந்த ஏமாற்று வேலை என்னால் ஆகாது என்று தெரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் மேடை சுற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் தாத்தா வந்து நின்றார்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இவர் யாருப்பா?"

நான் கொட்டிவிட்டேன். பலகை, தூள், வேகத்தடை, பாட்டு, டீக்கடை, மல்லாட்டை, உப்புத்தாள், எல்லாம். இடையில் எங்கேயும் மூச்சு விட்டதாக ஞாபகம் இல்லை. என் குரல் உடைந்தது என்று மச்சான் சொல்கிறான். அது அவன் சொல்லும் பொய்யில் சேர்த்தி என்று எழுதத்தான் ஆசை.

ஃபாதர் பெஞ்சில் உட்கார்ந்தார். பிறகு மிகவும் அக்கறையாகக் கேட்டார்: "டீக்கடையில கீழ்ப்பாதி எங்கன்னு கேட்டாரே, அதுக்கு என்ன சொன்னே?"

"எப்பவுமே கெடையாதுன்னு சொன்னேன் ஃபாதர்."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். அதற்கப்புறம் அவரால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. சர்ச் என்றுகூடப் பார்க்காமல், கையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு வந்தார். வந்து டேப்பை அவரே உரித்து, எங்கள் ஆளைப் பத்திரமாகப் பெஞ்சில் படுக்க வைத்தார்.

"இத நடுவுல வெச்சு சுத்தச் சொன்னது யாருப்பா?"

"நீங்கதான் தலையாட்டினீங்க ஃபாதர்."

"நானா?" என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை. அப்புறம் வெறும் பக்கத்துக்கு என்னை அழைத்துப் போனார். இதன் அசல் இருந்தது ஒரு கல்லறை மாடத்தில் என்றார். சுவரைக் குடைந்து, மேலே வளைவு போட்டு, இரண்டு ஓரத்திலும் தூண் வைத்த மாடம். தூணின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். குழி, கல்லைச் சுவரோடு பிடித்து நிறுத்தும் இரும்புக் கொக்கிக்கு. தூள், புதிதாக வார்த்த நகல் கொஞ்சம் உதிர்க்கும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அவர்களிடம் புது மார்பிள்கூட அவ்வளவாக இல்லையாம். இடிந்த பழைய கட்டடங்களின் கல்லை எடுத்து, அதைத் திரும்பச் செதுக்கிப் பயன்படுத்துவார்களாம். போன வருஷக் கல்யாண ஆர்ச்சை இந்த வருஷம் கட்சி மாநாட்டுக்குத் திருப்பி ஒட்டுகிறவன் நான். கேட்டதும் அந்தச் சிற்பியின் தோளில் கைபோட வேண்டும் போலிருந்தது. வீட்டில் மட்டும் இதைச் சொல்லக்கூடாது என்று மச்சானிடம் சத்தியம் வாங்கினேன். அவன் சத்தியம் செய்துகொண்டே அக்காவுக்குப் போன் போட்டான்.

சுழல் மேடையைக் கழற்றினோம். தூணைப் பக்கவாட்டுச் சுவரோடு சேர்த்து நிறுத்தி, கரடுமுரடான பக்கத்தைச் சுவருக்குக் கொடுத்து, மேலே ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் போட்டேன். ஜிகினா கிடையாது, சீரியல் லைட் கிடையாது. கொடியேற்றம் முடிந்து ஜனங்கள் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒரு அம்மா வழுக்கைக்காரரைப் பார்த்து, "எங்க மாமனார் இப்படித்தான் பாப்பாரு, ஆனா எதையும் வாயத் தொறந்து கேக்க மாட்டாரு" என்றார். இளவட்டத்தின் கையில் இருந்த புத்தகத்தை ஒருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஃபாதர் பக்கத்தில் நின்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் இலைத் துளைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். தொண்டை கட்டிவிட்டது, அப்படியும் நிறுத்தவில்லை.

வழியில் எவரும் விழவில்லை. அந்தக் கல்லில் மூன்று பக்கம்தான் செதுக்கியிருந்தார்கள். நாலாவது பக்கம் முதலிலிருந்தே சுவருக்கென்று விட்டது.